பிறந்த ஊர் மயிலாப்பூர்

2007ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு மாலைப்பொழுது. நாம் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். மயிலாப்பூரில் நாம் குடியிருந்த தெருவில் நான்கு வீடு தள்ளி வசித்த பெரியவர் ஒருவர், கையில் ஒரு பிளாஸ்டிக் உறையுடன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உறைக்குள் பழுப்பேறிய தாள் ஒன்று இருந்தது. நியூ ஜெர்சியில் மென்பொருள் துறையில் பணியாற்றும் அவருடைய மகனின் பிறப்புச் சான்றிதழ் அது. 1974இல் கல்யாணி மருத்துவமனையில் பிறந்ததற்கான பதிவு. தந்தை பெயர், தாய் பெயர், நாள், இடம் எல்லாம் தெளிவாக இருந்தன. குழந்தையின் பெயருக்கு உரிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பெயர் சூட்டியபின் அதனைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்பதை அந்நாளில் எத்தனைக் குடும்பங்கள் நினைவில் வைத்திருந்தன!

"தம்பி, நீங்க தமிழ் வாத்தியார். தமிழும் இங்கிலீஷும் தெரிஞ்ச ஒருத்தர் இதை மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போடணுமாம். ஜூலை ரெண்டாம் தேதிக்குள்ள அவன் கைக்குப் போய்ச் சேரணும்" என்றார்.

அன்றிரவே மொழிபெயர்த்துக் கொடுத்தோம். பெயரில்லாத குறையை ஈடுசெய்யப் பெற்றோரும் உறவினர் ஒருவரும் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தனர். கிரீன் கார்டு என்னும் சொல்லை நாமும் ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். ஆயினும் அயல்நாட்டில் எட்டு ஆண்டுகள் உழைத்த ஒரு பொறியாளரின் தகுதியை எடைபோடும் இடத்தில், அவர் மயிலாப்பூரில் பிறந்தார் என்னும் செய்திக்கு இத்துணை மதிப்பு ஏன் என்ற கேள்வி அன்றுதான் எழுந்தது. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றால் நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாற்றுக்குள் நுழைய நேர்கிறது. வாருங்கள், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே செல்வோம்.

1917ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், குடியரசுத் தலைவர் வில்சனின் மறுப்பையும் மீறி, அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு குடிவரவுச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் நிலப்படத்தில் கோடு கிழித்தது. அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் ஆசியாவின் பெரும்பகுதியை வளைத்து, இந்த எல்லைக்குள் பிறந்தோர் அமெரிக்காவில் குடியேறலாகாது என்றது. இந்தியா முழுவதும் அந்தக் கோட்டுக்குள் அடங்கியது. ஆனால் சில தொழிலினருக்கு மட்டும் விலக்கு அளித்தது. வழக்கறிஞர், மருத்துவர், வேதியியலார், பொறியாளர், ஆசிரியர், மாணவர், எழுத்தாளர், கலைஞர், வணிகர், சமயப் பணியாளர் என நீளும் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. கற்றறிந்த இந்தியர் அமெரிக்கச் சட்டத்திற்குள் முதன்முதலில் நுழைந்தது ஒரு விதிவிலக்காகத்தான். (ஆசிரியர் பட்டியலில் தமிழாசிரியரும் அடங்குவாரா என்று அந்நாளைய அதிகாரியிடம் கேட்டுப் பார்த்திருக்கலாம்!)

நுழைவது வேறு, குடியுரிமை பெறுவது வேறு. அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத்சிங் திண்ட் மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், இந்தியர் சட்டம் கூறும் 'வெள்ளையர்' அல்லர், எனவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என 1923 பிப்ரவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்து அது பறிக்கவும் பட்டது.

இந்த வேலிக்குள் வாழ்ந்த இருவர் நம் நகரோடு தொடர்புடையவர்கள். ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, இங்கே ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகவும் இருந்து, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகருக்குச் சென்றவர். ஃபோலிக் அமிலம், மெத்தோட்ரெக்ஸேட், ஆரியோமைசின் ஆகியவை உருவான ஆய்வுகளை வழிநடத்திய பெருமகன். அமெரிக்கக் குடிமகன் ஆகாமலேயே 1948இல் அந்நாட்டிலேயே மறைந்தார்.

மற்றொருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். மயிலாப்பூரில் 'சந்திர விலாஸ்' என்னும் இல்லத்தில் வளர்ந்து, மாநிலக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்றவர். 1936 செப்டம்பரில் சென்னையில் லலிதாவை மணந்துகொண்டு, 1937 தொடக்கத்தில் விஸ்கான்சின் மாநிலத்து யெர்கிஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். விண்மீன்களின் கட்டமைப்பைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1939இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைத்துறை ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றினார். அப்போதும் சட்டத்தின் கண்களுக்கு அவர் குடியுரிமை பெறத் தகுதியற்றவரே!

அந்தத் தடை நீங்கியது 1946 ஜூலை 2ஆம் நாள். லூஸ், செல்லர் என்னும் இரு உறுப்பினர்களின் பெயரால் அறியப்படும் சட்டத்தில் அன்று ட்ரூமன் கையொப்பமிட்டார். இந்தியர் குடியுரிமை பெறலாம், ஆண்டுக்கு நூறு பேர் குடியேறலாம் என்றாயிற்று. விடுதலையை எதிர்நோக்கியிருந்த ஒரு துணைக்கண்டத்துக்கு நூறு இடங்கள்! சந்திரசேகர் குடியுரிமை பெற்றது 1953இல். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 1952ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நூறு என்னும் எண்ணிக்கையை மாற்றவில்லை. அதில் பாதியை நாட்டுக்குத் தேவையான திறனுடையோர்க்கு முன்னுரிமையாக ஒதுக்கியது. அதே சட்டம் ஆசியரை மட்டும் பிறப்பிடத்தால் எண்ணாமல் குருதிவழியால் எண்ணியது. இலண்டனில் பிறந்த தமிழரும் இந்தியாவின் நூற்றுக்குள்தான் வருவார். இலண்டனில் பிறந்த ஆங்கிலேயர்க்கோ பல்லாயிரம் இடங்கள் இருந்தன.

இவ்விடத்தில் அட்டையின் நிறத்தைப் பற்றி ஒரு சிறு செய்தி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிரந்தரக் குடியிருப்பாளர்க்கு வழங்கப்பட்ட அட்டை பச்சை நிறத்தில் இருந்ததால்தான் இப்பெயர் வந்தது. 1964இலேயே நிறம் மாறிவிட்டது. மீண்டும் பச்சையானது 2010இல். இடைப்பட்ட நாற்பத்தாறு ஆண்டுகள் நம்மவர் பச்சையல்லாத அட்டையையே பச்சை அட்டை என்று போற்றி வந்தனர்.

1965 அக்டோபர் 3ஆம் நாள், சுதந்திர தேவியின் சிலை நிற்கும் தீவில் அமர்ந்து லிண்டன் ஜான்சன் புதிய குடிவரவுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். இனத்தின் பெயராலும் குருதியின் பெயராலும் எண்ணும் முறை ஒழிந்தது. கிழக்கு அரைக்கோளத்துக்கு ஆண்டுக்கு 1,70,000 இடங்கள். அதில் எந்த நாடாயினும், சிறிதோ பெரிதோ, 20,000 வரைதான். அவரவர் பிறந்த நாட்டின் கணக்கில் அவரவர் சேர்வர். நூறு இருபதினாயிரம் ஆயிற்று என்று இந்தியா மகிழ்ந்ததில் வியப்பில்லை. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் ஒரே அளவு என்பதை அன்று யாரும் குறையாகக் கருதவில்லை. அது நீதி என்றே தோன்றியது. அன்றைய நிலையில் நீதியும்கூட. ஆனால் பின்னாளில் நம்மவரைத் தடுத்து நிறுத்திய கதவு, சமத்துவத்தின் பெயரால் வைக்கப்பட்ட இந்தச் சம அளவுதான் என்பதே நாம் இக்கட்டுரையில் சொல்ல விழைவது.

அச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1968 ஜூலையில். சென்னையில் ஜெமினி ஸ்டூடியோவுக்கு அருகே, அண்ணா சாலையும் கதீட்ரல் சாலையும் சந்திக்கும் முனையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் தன் புதிய கட்டடத்துக்கு வந்தது 1969இல். 1794இலேயே சென்னையில் ஒரு தூதரக முகவரை வைத்திருந்த நாடு அது. ஆனால் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வாசிகளின் பேச்சில் 'ஜெமினிக்குப் போகணும்' என்னும் தொடர் புதுப்பொருள் பெற்றது இதன் பின்னர்தான். மருத்துவக் கல்லூரியிலிருந்தும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலிருந்தும் 1959இல் தோன்றிய ஐ.ஐ.டி.யிலிருந்தும் முதல் அலை கிளம்பியது. துறைசார் வல்லுநர் என்னும் மூன்றாம் முன்னுரிமைப் பிரிவில், தொடக்கத்தில் வேலை உறுதிக் கடிதம்கூட இன்றிச் செல்ல முடிந்தது. 1976இல் இரு சட்டங்கள் அதை மாற்றின. ஒன்று வேலை உறுதியைக் கட்டாயமாக்கியது, மற்றொன்று அயல்நாட்டு மருத்துவர்க்குத் தேர்வுகளைக் கடுமையாக்கியது. அந்த இடைவெளியில் சென்றவர்கள் 'சுலபமாகப் போய்விட்டோம்' என்று இன்றும் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது உண்மையே.

1990 நவம்பரில் வந்த சட்டம்தான் இன்றுவரை ஆட்சி செய்கிறது. வேலைவாய்ப்பு வழியே ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டுகள். மிகச் சிறந்த அறிஞர், பன்னாட்டு நிறுவன மேலாளர் ஆகியோர்க்கு முதற்பிரிவு. முதுகலைப் பட்டமும் அதற்கு மேலும் வேண்டும் பணிகளுக்கு இரண்டாம் பிரிவு. இளங்கலைப் பட்டதாரிகள், பயிற்சி பெற்ற பணியாளர்கள் மூன்றாம் பிரிவு. பெரும் முதலீட்டாளர்க்கு ஐந்தாம் பிரிவு. பழைய 20,000 என்னும் உச்சவரம்பு, நூற்றுக்கு ஏழு என்று உருமாறியது. 1,40,000இல் ஏழு விழுக்காடு 9,800. இரண்டாம் பிரிவில் மட்டும் பார்த்தால் ஒரு நாட்டுக்குச் சுமார் 2,800. அதிலும் மனைவியும் குழந்தைகளும் எண்ணப்படுவர் என்பதறிக! நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று நான்கு இடங்களை எடுத்துக்கொள்ளும். பிற நாட்டார் பயன்படுத்தாமல் விட்ட மிச்சம் வரிசையில் மூத்தவர்க்குச் சேரும் என்பதால் சில ஆண்டுகளில் இந்தியர்க்கு ஏழு விழுக்காட்டுக்கும் மேலாகக் கிடைத்ததுண்டு. ஆனால் மிச்சத்தை நம்பி யாரும் நாள் குறிக்க இயலாது.

அதே 1990ஆம் ஆண்டுச் சட்டம் தற்காலிகப் பணியாளர்க்கான ஹெச்1பி விசாவுக்கு 65,000 என்று வரம்பிட்டது. பிறகு வந்தது ஒய்2கே. தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் மாடிக்கு மாடி கணினிப் பயிற்சி மையங்கள் முளைத்து, கோபால் மொழி கற்பிக்கத் தொடங்கிய காலம். (அவ்வை சண்முகம் சாலையில் ஒரு பாட்டி, பேரன் கோபாலைப் படிக்கிறான் என்று சொல்ல, எந்தக் கோபால் என்று மற்றொரு பாட்டி கேட்டதாக ஒரு நகைச்சுவை உலவியது.) அமெரிக்க நிறுவனங்கள் ஆள் வேண்டும் என்றன. வரம்பு 1,15,000 ஆகி, 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆகவும் உயர்ந்தது. தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும் 2000இல்தான் என்பதைச் சேர்த்து நினைத்தால் அந்நாளைய வேகம் விளங்கும். ஆனால் நிரந்தர அட்டையின் 1,40,000 என்னும் எண் அசையவில்லை. வாய் அகன்று கழுத்துக் குறுகிய குடத்தில் நீரை ஊற்றிக்கொண்டே இருந்தனர். 2004இல் ஹெச்1பி மீண்டும் 65,000 ஆயிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் பெற்றோர்க்கென 20,000 தனியே சேர்க்கப்பட்டது. 2005இல் இந்தியர்க்கான வரிசை நின்றது.

வரிசை எவ்வாறு நகர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். நிறுவனம் ஒருவருக்காக முதல் விண்ணப்பத்தை அளிக்கும் நாளே அவருடைய முன்னுரிமை நாள். அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் ஒரு விசா அறிக்கை வெளியிடும். இந்தப் பிரிவில், இந்த நாட்டில் பிறந்தவர்களில், இந்த நாளுக்கு முந்தையவர்க்கு இம்மாதம் இடமுண்டு என்று அது கூறும். பஞ்சாங்கத்தை நம்பாதவரும் இந்த அறிக்கையை நம்பிக் காத்திருப்பர்.

2007 ஜூலை மாதத்துக்கான அறிக்கை ஒரு வியப்பைத் தந்தது. ஏறத்தாழ எல்லா வேலைவாய்ப்புப் பிரிவுகளும் திறந்திருக்கின்றன, நாள் வரம்பே இல்லை என்றது. நம் தெருப் பெரியவர் உறையோடு ஓடி வந்தது இதனால்தான். சென்னையெங்கும் எத்தனை வீடுகளில் அலமாரிகள் கலைக்கப்பட்டன! பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் தேடப்பட்டன. ஜூலை 2ஆம் நாள் விண்ணப்பங்கள் அமெரிக்க அலுவலகத்தை அடைந்தன. அன்றே வெளியுறவுத் துறை தன் அறிக்கையைத் திருத்தியது. இவ்வாண்டுக்குரிய எண்கள் தீர்ந்துவிட்டன, ஒருவருக்கும் இடமில்லை என்றது. 1946இல் கதவு திறந்த அதே ஜூலை 2!

அதன்பின் நிகழ்ந்தது வரலாற்றில் குறிக்கத் தக்கது. முந்தைய ஆண்டு வெளிவந்த 'லகே ரஹோ முன்னாபாய்' என்னும் இந்தித் திரைப்படத்தின் 'காந்திகிரி'யைப் பின்பற்றி, ஜூலை 10ஆம் நாள் குடிவரவுத் துறையின் இயக்குநர் எமிலியோ கோன்சாலஸுக்கு நூற்றுக்கணக்கில் மலர்க்கொத்துகள் அனுப்பினர். அவர் அவற்றைக் காயமுற்ற போர்வீரர்கள் தங்கியிருந்த வால்டர் ரீடு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார். ஜூலை 17ஆம் நாள் துறை தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்கள் ஏற்கப்படும் என அறிவித்தது. மலர்களால் மட்டும் இது நிகழ்ந்ததென்று நாம் கருதவில்லை. வழக்குத் தொடுக்க வழக்கறிஞர்கள் ஆயத்தமாக இருந்தனர், காங்கிரஸ் உறுப்பினர்களும் கேள்வி எழுப்பினர். ஆயினும் பூ வாங்கப் பணம் அனுப்பியதாகப் பெரியவரின் மகன் தொலைபேசியில் சொன்னபோது, 'நன்னா பண்ணினே' என்று அவர் தழுதழுத்ததை நாம் நேரில் கேட்டோம்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஆனால் ஏற்கப்படுவதும் அட்டை கிடைப்பதும் ஒன்றல்ல. மகனுடையது மூன்றாம் பிரிவு. முன்னுரிமை நாள் 2005 தொடக்கம். அவருடைய முறை வந்தது 2017இல்.

நாம் தமிழ் பயிற்றுவிப்பவர் ஆதலின், இந்தக் காத்திருப்பைப் பற்றி எண்ணும்போதெல்லாம் தொல்காப்பியக் கற்பியல் நினைவுக்கு வருகிறது. கல்வியின்பொருட்டுப் பிரியும் பிரிவு மூன்றாண்டைக் கடவாது என்கிறார் தொல்காப்பியர். வேந்தன் பொருட்டான தொழிலுக்கு ஓராண்டு. பொருள்வயிற் பிரிவு முதலாய ஏனையவும் அவ்வாறே. எல்லை வகுத்தே பிரிவைப் பாடினர் நம் முன்னோர். கார்காலம் வந்தும் அவன் வரவில்லையே என்று தலைவி வருந்துவதற்கும் அந்த எல்லையே காரணம். ஹெச்1பி விசாவும் மூன்றும் மூன்றுமாக ஆறு ஆண்டு என்றுதான் வகுக்கப்பட்டது. வரிசையில் நிற்போர்க்கு அதனை மேலும் மேலும் நீட்டிக்கலாம் என 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இசைவளித்தது. அது பெரிய உதவி, ஐயமில்லை. ஆனால் எல்லையில்லாப் பிரிவு என்னும் புதுத் துறை ஒன்றையும் அது படைத்துவிட்டது. கடல் கடக்கும் பிரிவில் மகளிர் உடன் செல்வதில்லை என்னும் தொல்காப்பிய மரபு இங்கே மாறியது. மனைவியர் உடன் சென்றனர். அடையாற்றில் பணியிலிருந்த பெண்கள் அங்கே சார்பு விசாவில் வேலையின்றி அமர்ந்தனர். கணவரின் விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் அவர்கள் பணியாற்றலாம் என்னும் விதி 2015 மே மாதத்தில்தான் வந்தது.

சரி, வரிசையைத் தாண்ட வேறு வழியில்லையா என்று வாசகர் கேட்கலாம். வழிகள் உண்டு. நாட்டு நலனைக் காட்டி, நிறுவனத்தின் துணையின்றித் தாமே விண்ணப்பிக்கும் முறையை 2016இல் வந்த தனசார் தீர்ப்பு எளிதாக்கியது. ஆனால் அது இரண்டாம் பிரிவின் வரிசையிலேயே கொண்டுபோய் நிறுத்தும். நிறுவனத்தின் பிடியிலிருந்து விடுதலை கிடைக்கும், பிறந்த ஊரிலிருந்து கிடைக்காது. முதற்பிரிவு விரைவானது எனப் பெயர் பெற்றது. 2025 அக்டோபரில் அதிலும் இந்தியர்க்கான நாள் 2022 பிப்ரவரியில் நின்றது. முதலீட்டுப் பிரிவில், 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊர்ப்புறத் திட்டங்களுக்கு எட்டு இலட்சம் டாலர் இட்டால் தனி ஒதுக்கீடு உண்டு. நம் தெருவில் அதைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை.

எல்லாவற்றினும் விந்தையான வழி பிறப்பிடமே. ஒரே வகுப்பில் பயின்ற இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கல்யாணி மருத்துவமனையில் பிறந்தவர். மற்றவர் கொழும்பில் பிறந்து, 1983இன் கலவரத்துக்குப் பின் பெற்றோருடன் சென்னை வந்து, இந்தியக் குடிமகனாகவே வளர்ந்தவர். அதே பட்டம், அதே நிறுவனம், அதே நாளில் விண்ணப்பம். இரண்டாமவர் இலங்கைக் கணக்கில் சேர்ந்து சில ஆண்டுகளில் அட்டை பெறுவார். முதலாமவர் கோலாலம்பூரில் பிறந்த பெண்ணை மணந்தால் அவளுடைய கணக்கில் சேரலாம். மயிலாப்பூர்ப் பெண்ணை மணந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த ஏழு விழுக்காட்டை நீக்கும் முயற்சியும் நடந்தது. 2019 ஜூலை 10ஆம் நாள், மலர் அனுப்பிய நாளுக்குச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அமெரிக்கக் கீழவை 365க்கு 65 என்னும் வாக்குகளில் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது. மேலவை வேறொரு வடிவத்தை 2020 டிசம்பரில் ஏற்றது. இரண்டையும் இணைப்பதற்குள் அந்த அவையின் காலம் முடிந்தது. பிற நாட்டார் இதனை எதிர்த்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வரம்பு நீங்கினால் பல ஆண்டுகளுக்கு இடங்கள் யாவும் இந்தியர்க்கே போகும், ஈரானிய மருத்துவரும் பிலிப்பைன்ஸ் செவிலியரும் புதிதாக வரிசையில் நிற்க நேரும் என்றனர். அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1,40,000 என்னும் எண் மாறாதவரை ஒருவர் காத்திருப்பதை மற்றொருவர் தோளுக்கு மாற்றலாமேயன்றிக் குறைக்க இயலாது.

பெருந்தொற்றுக் காலத்தில் குடும்பப் பிரிவின் எண்கள் மிஞ்சி வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வந்ததால் வரிசை ஓடியது. 2022 செப்டம்பரில் இந்தியர்க்கான இரண்டாம் பிரிவு நாள் 2014 டிசம்பர் 1. அடுத்த மாதமே 2012 ஏப்ரல் 1. காலம் பின்னோக்கிச் சென்றது! மூன்று ஆண்டுகள் கழிந்து 2025 அக்டோபரில் அது 2013 ஏப்ரல் 1. மூன்றாண்டு காத்திருப்புக்கு ஓராண்டு நகர்வு.

2025ஆம் ஆண்டில் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. வரிசையில் நிற்கும் பெற்றோரின் குழந்தை இருபத்தொரு வயதை எட்டினால் சார்பு உரிமை இழக்கும். வயதைக் கணக்கிடுவதில் 2023இல் காட்டிய தளர்வு 2025 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. செப்டம்பர் 19ஆம் நாள், வெளிநாட்டிலிருந்து புதிதாக ஹெச்1பி பணியாளரை வரவழைக்க ஓர் இலட்சம் டாலர் கட்டணம் என்னும் பிரகடனம் வந்தது. யாருக்குப் பொருந்தும் என்பது தெளியும்முன், விடுமுறைக்கு வந்திருந்தவர்கள் இரவோடிரவாக விமானம் ஏறினர். அக்டோபர் 30 முதல், பணி அனுமதி தானாக நீளும் வசதி நிறுத்தப்பட்டது. நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி, கணவரின் 2014ஆம் ஆண்டு முன்னுரிமை நாளோடு டெக்சாஸில் வாழ்பவள், அவ்வாண்டுத் தீபாவளிக்கு அடையாற்றிலுள்ள தாய்வீட்டுக்கு வருவதாக இருந்து பயணச்சீட்டை ரத்து செய்தாள். பதினொரு வயதில் அழைத்துச் சென்ற மகனுக்கு இப்போது பத்தொன்பது.

நம் தெருப் பெரியவர் 2013இல் காலமானார். மகனுக்கு அட்டை வந்ததை அவர் அறியவில்லை. மாமி அதே வீட்டில்தான் இருக்கிறார். அண்மையில் பார்க்கச் சென்றபோது, 2007இல் நாம் மொழிபெயர்த்துக் கையொப்பமிட்ட தாளின் நகலை, அதே பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். எப்போது வேண்டியிருக்குமோ என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாராம்.

பேத்திக்கும் இப்படி எழுத வேண்டியிருக்குமா என்று கேட்டார். அவள் 2009இல் நியூ ஜெர்சியில் பிறந்தவள், பிறந்தபோதே அமெரிக்கக் குடிமகள், அவளுக்கு எந்த வரிசையும் இல்லை என்றோம். தற்காலிக விசாவினரின் குழந்தைகளுக்கு இனி அவ்வுரிமை இல்லை என்னும் 2025 ஜனவரி ஆணையைப் பற்றியும் அதனை நீதிமன்றங்கள் நிறுத்திவைத்ததைப் பற்றியும் நாம் பேச்செடுக்கவில்லை. அது முன்னமே பிறந்தவர்களைத் தீண்டுவதும் அன்று.

மாமி சற்று யோசித்துவிட்டு, "அவ சர்டிபிகேட்ல பேரு போட்டிருக்கான்னு மட்டும் அவனைப் பாத்துக்கச் சொல்லுப்பா" என்றார்.